வகுப்பறையில் வாதம்

(இந்தூரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"கல்வி சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ஆசிரியன் அல்லன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, 1972ல் மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, 38 வருஷம் கோப்புகளோடு காலம் கழித்துவிட்டு 2010ல் ஓய்வு பெற்றவன். அதன்பின் இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரிப் பேராசிரியை இருக்கிறார். பட்ட வகுப்பு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துபவர். அரசாங்க ஆவணங்களை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் அழைத்ததால், சில வருஷங்களாக அவருடைய வகுப்புக்கு அவ்வப்போது போய் வருகிறேன். அங்கே பார்த்ததையும், அதை ஒட்டிப் படித்ததையும் வைத்து, கல்லூரி வகுப்பில் விவாதத்தை ஒரு போதனா முறையாகக் கையாள்வது பற்றி இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

விவாதம் என்றதும் நம்மவர்களுக்குப் பட்டிமன்றம்தான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்துக்கு மூன்று பேர், நடுவில் ஒரு நடுவர். பொங்கல், தீபாவளி என்றால் தொலைக்காட்சியில் கட்டாயம் உண்டு. மாமியார், மருமகள் இருவரில் யார் உசத்தி என்று ஒரு மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் இருவர் மனமும் நோகாமல் நடுவர் ஒரு தீர்ப்பு சொல்லுவார். நானும் ரசித்துப் பார்ப்பவன்தான். ஆனால் பட்டிமன்றப் பேச்சாளர் சபைக்காகப் பேசுகிறார். வகுப்பில் மாணவன் தான் கற்றுக்கொள்வதற்காகப் பேச வேண்டும். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் நான் சொல்லப் போகும் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும்.

ஐந்து நன்மை, ஐந்து தீமை

இப்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1991ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவை ஒட்டி, பட்ட வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ஆறு மாதச் சுற்றுச்சூழல் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு பிற்பாடு கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் பரீட்சைக்கு என்ன கேட்கிறார்கள்? "பெரிய அணைகளின் நன்மை தீமைகளை எழுதுக." கடைத்தெருவில் விற்கும் வழிகாட்டிப் புத்தகத்தில் நன்மை ஐந்து, தீமை ஐந்து இருக்கும். பிள்ளைகள் பத்தையும் மனப்பாடம் செய்து எழுதி, பத்துக்கு எட்டு வாங்கிவிடுகிறார்கள்.

அந்த ஐந்தையும் இந்த ஐந்தையும் தராசில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டால் விழிப்பார்கள். தராசு என்ற ஒன்று உண்டென்றே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாளைக்கு அவர்களில் ஒருவன் பொறியாளனாவான், ஒருத்தி வங்கி அதிகாரியாவாள், ஒருவர் கலெக்டராகவும் ஆகலாம். அப்போது இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கும் விஷயங்கள்தான் மேஜைக்கு வரும். ஒரே பக்கத்தில் நியாயம் இருக்கும் விஷயம் கீழ் மட்டத்திலேயே தீர்ந்துபோகும், மேலே வராது. இது கோப்பு பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பழைய வழி ஒன்று இருக்கிறது

இந்த முறை நமக்குப் புதியதல்ல. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக, பிரமாணத்தோடும் தர்க்கத்தோடும் இருவர் பேசுவது வாதம். எப்படியாவது ஜயிக்க வேண்டும் என்று வார்த்தைப் புரட்டும் குயுக்தியும் கலந்து பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியை நிலைநாட்டாமல் எதிராளியை வெட்டிக்கொண்டே போவது விதண்டை. "விதண்டாவாதம் பண்ணாதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் இந்த மண்டபத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். குருவும் சிஷ்யனும், கூடப் படிப்பவர்களும் தங்களுக்குள் செய்ய வேண்டியது வாதம் ஒன்றே.

அதே நூல் விவாதத்தில் தோற்றுப்போகும் நிலைகள் 22 என்று கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் அனனுபாஷணம். எதிராளி தன் கட்சியை மூன்று தரம் சொல்லி, சபையும் புரிந்துகொண்ட பிறகு, அதை நீ திருப்பிச் சொல்லத் தெரியாமல் நின்றால் அங்கேயே நீ தோற்றாய். பதில் சொல்வது அப்புறம். முதலில் அவன் சொன்னதை அவனே ஒப்புக்கொள்ளும்படி நீ சொல்ல வேண்டும். சாஸ்திர நூல்களில் பூர்வபட்சத்தை முதலில் வைத்துவிட்டு, பிறகு சித்தாந்தம் சொல்லும் ஒழுங்கும் இதைச் சேர்ந்ததே.

சரக சம்ஹிதை வைத்திய நூல். அதில் விமான ஸ்தானம் எட்டாவது அத்தியாயத்தில், வைத்தியம் கற்க மூன்று வழிகள் என்று சொல்லியிருக்கிறது. தானே ஓதுவது ஒன்று, பிறருக்கு ஓதுவிப்பது ஒன்று, அதே வித்தையைக் கற்றவர்களோடு கலந்து பேசுவது ஒன்று. இந்தப் பேச்சிலும் நட்போடு பேசுவது, பகைமையோடு பேசுவது என்று இரண்டு வகை உண்டு. நட்போடு பேசும்போது பயமில்லாமல் கேட்க வேண்டும், பயமில்லாமல் சொல்ல வேண்டும், ஜயித்தால் குதிக்கக் கூடாது என்கிறது. ஒரு தொழிற்கல்விப் பாடத்திட்டத்தில் விவாதத்தை மூன்றில் ஒரு பங்காக வைத்திருந்தார்கள் என்றால் ஆச்சரியம் அல்லவா?

இரண்டு விஷயங்களை இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒன்று, இது வைதிகர்களின் தனிச் சொத்து அல்ல. பௌத்தர்களும் ஜைனர்களும் இந்தக் கலையில் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். தமிழில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அதற்கென்றே அந்தக் காப்பியத்தில் ஒரு காதை இருக்கிறது. இரண்டாவது, அந்தச் சபைகளில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. ஜனகர் சபையில் கார்க்கி எழுந்து யாக்ஞவல்கியரைக் கேள்வி கேட்டதைப் பெருமையாகச் சொல்லுகிறோம். ஒரு கார்க்கியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுவே நிலைமையைச் சொல்லவில்லையா? இன்றைய கல்லூரி வகுப்பில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய விதிகள் இப்போதுதான் முழுப் பிரயோஜனத்துக்கு வர முடியும்.

இன்றைய முறை

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்று இரு சகோதரர்கள். 1979ல் வகுப்பறையில் எழும் கருத்து மோதல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு அதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். எங்கள் பேராசிரியை கையாளுவது ஏறக்குறைய அதுதான்.

நான்கு நான்கு பேராகப் பிரிப்பது. நால்வரில் இருவர் ஒரு கட்சி, இருவர் மறு கட்சி. ஒவ்வொரு ஜோடியும் கொடுத்த ஆவணங்களைப் படித்துத் தன் கட்சியைத் தயார் செய்து எடுத்துச் சொல்லும். மற்ற ஜோடி குறிப்பு எடுத்துக்கொள்ளும். பிறகு கேள்வி, மறுப்பு. நாலாவது கட்டம்தான் முக்கியம். இரண்டு ஜோடியும் கட்சி மாறி உட்கார வேண்டும். இதுவரை எதிர்த்ததை இப்போது ஆதரித்து, தங்களால் முடிந்த மட்டும் பலமாகப் பேச வேண்டும். கடைசிக் கட்டத்தில் கட்சியை எல்லாம் விட்டுவிட்டு, நால்வரும் சேர்ந்து, சாட்சியம் எங்கே இட்டுச் செல்கிறதோ அதை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். வோட்டு கிடையாது. ஜயித்தவர், தோற்றவர் கிடையாது.

அறுபது பேர் வகுப்பானால் பதினைந்து குழு. மேடையில் ஆறு பேர் பேசி மற்ற ஐம்பத்து நாலு பேர் கைதட்டுவதற்குப் பதில், அறுபது பேரும் வாய் திறக்கிறார்கள். இரண்டு வகுப்பு நேரம் போதும்.

நர்மதை பற்றிய வகுப்பு

நான் இருந்து பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். விஷயம் சர்தார் சரோவர் அணை. நம் ஊருக்குப் பக்கத்து விவகாரம். அணை குஜராத்தில் இருக்கிறது. ஆனால் நீரில் மூழ்கிய கிராமங்களில் பெரும்பாலானவை மத்தியப் பிரதேசத்தில், தார், பட்வானி ஜில்லாக்களில். 1961ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் 1979ல் தீர்ப்பு வழங்கியது. உலக வங்கி நியமித்த மோர்ஸ் குழு 1992ல் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. 1993ல் வங்கிக் கடன் நின்றது. 2000 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அணை கட்டலாம் என்றது. 2017ல் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் முதல் தடவையாக முழு மட்டமான 138.68 மீட்டருக்கு நீர் நிரம்பியது.

பேராசிரியை பாடப்புத்தகத்தைக் கொடுக்கவில்லை. நடுவர் மன்றத் தீர்ப்பிலிருந்து சில பக்கங்கள், மோர்ஸ் அறிக்கையிலிருந்து சில பக்கங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து சில பக்கங்கள் என்று பிரதி எடுத்துக் கொடுத்தார். அந்தத் தீர்ப்பு இருவருக்கு ஒருவர் என்று பிரிந்த தீர்ப்பு. பெரும்பான்மையோர், மறுவாழ்வுப் பணி நடக்க நடக்க அதோடு சேர்ந்தே அணையின் உயரத்தை ஏற்றலாம் என்றார்கள். நீதிபதி பரூச்சா மாறுபட்டு, சுற்றுச்சூழல் அனுமதியை முறையாகப் பரிசீலித்துப் பெறும் வரை கட்டுமானத்தை நிறுத்த வேண்டும் என்றார். இரண்டு கட்சிக்கும் வேண்டிய நியாயங்கள் ஒரே தீர்ப்பில் அச்சாகி இருக்கின்றன. வகுப்புக்கு இதைவிட நல்ல பாடநூல் எது?

சீட்டுப் போட்டுக் கட்சி பிரித்தார்கள். நிமாட் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அணையை ஆதரிக்கும் கட்சி விழுந்தது. அவள் எழுந்து, "மேடம், என் தாத்தா வீடு அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது" என்றாள். வகுப்பு நிசப்தமாகிவிட்டது. பேராசிரியையிடம் இதற்கென்று ஒரு விதி முன்பே இருந்தது. யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளோடு மாற்றிக்கொண்டு, அணையை எதிர்க்கும் கட்சியில் பேசினாள். படித்துப் பேசினாள், அழவில்லை.

கட்சி மாறும் கட்டம் வந்தது. "நீ இதில் பேச வேண்டியதில்லை" என்று பேராசிரியை சொன்னார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தானே பேசினாள். ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "கட்ச், சௌராஷ்டிரா கிராமங்களிலும் பெண்கள்தான் குடம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் போனது நிஜம். நம் மாநிலத்துக்கும் அணையின் மின்சாரத்தில் நூற்றுக்கு 57 பங்கு என்று தீர்ப்பில் இருக்கிறது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்." பிறகு கையில் இருந்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "ஆனால் இதே தீர்ப்பில், நிலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் பாசன நிலம் தர வேண்டும், நீர் ஏறுவதற்கு ஒரு வருஷம் முன்பே குடியமர்த்தி முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தண்ணீர் தந்த அதே காகிதம்தானே இதையும் தந்தது?"

அதன்பின் அந்தக் குழுவில் கேள்வியே மாறிவிட்டது. அணை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி போய், ஒரே தீர்ப்பின் ஒரு பாகம் கணக்காக நிறைவேறி மறு பாகம் வழக்குக்கும் போராட்டத்துக்கும் உரியதாக ஏன் ஆனது, அதைக் கண்காணிக்க யாருக்கு அதிகாரம் இருக்க வேண்டும் என்று நால்வரும் எழுதினார்கள். அவர்களில் ஒருவன் ராஜ்கோட்டில் உறவுக்காரர்கள் உள்ள பையன். "எங்கள் சித்தப்பா வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை யோசித்ததில்லை" என்றான். நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எழுதியிருந்தால் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்கள்

இந்த முறைக்கு ஆபத்துகளும் உண்டு. சந்திரசேகர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர், நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் எல்லை பற்றிய தன் கணக்கை 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். வயது 24. அவரை அடுத்து எழுந்தவர் எடிங்டன். பெரிய மேதை, பேச்சிலும் சமர்த்தர். கேலி செய்தே சபையைச் சிரிக்க வைத்துவிட்டார். பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் வோட்டு எடுத்திருந்தால் எடிங்டன்தான் ஜயித்திருப்பார். கணக்கு சந்திரசேகர் பக்கம் இருந்தது. 1983ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பேச்சுச் சாமர்த்தியத்துக்கு மார்க் போடும் வகுப்பு, எடிங்டன்களை மட்டுமே உற்பத்தி செய்யும், அதுவும் அவருடைய மேதைமை இல்லாமல்.

ஆகவே மார்க் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பேராசிரியை பத்து மார்க்கில் நாலு மார்க்கை எதிர்க் கட்சியை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்னதற்குக் கொடுக்கிறார். நாலு மார்க் ஆதாரத்துக்கு. இரண்டு மார்க் கடைசியில் எழுதித் தரும் அந்த ஒரு பக்கத்துக்கு. அழகாகப் பேசினதற்கு ஒன்றும் கிடையாது.

இரண்டாவது, பாஷை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நாலு பிள்ளைகள் மடமடவென்று பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் பேசலாம் என்று விட வேண்டும். பேசுவதற்கு முன் ஐந்து நிமிஷம் எல்லோரும் மௌனமாக எழுத வேண்டும் என்று வைத்தால், கூச்சமுள்ள பிள்ளையின் கையிலும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

மூன்றாவது, எதை விவாதிக்கக் கூடாது என்பது. விஞ்ஞானப் பட்டதாரி என்ற முறையில் இதை அழுத்திச் சொல்லுகிறேன். பூமி உருண்டையா, தடுப்பூசி வேலை செய்கிறதா, மனிதன் விடும் கரியமில வாயுவால் பூமி சூடேறுகிறதா என்பவை இரண்டு கட்சி பிரித்துப் பேசும் விஷயங்கள் அல்ல. சாட்சியம் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருக்கும்போது இரண்டு கட்சிக்கும் சம நேரம் கொடுத்தால், இரண்டும் சமம் என்ற பொய்யை ஆசிரியரே கற்பித்ததாகும். பூமி சூடேறுகிறது, சரி. நிலக்கரியை எவ்வளவு வேகத்தில் குறைப்பது, அந்தச் சுரங்க ஊர்களில் பிழைப்பவர்களுக்கு என்ன வழி என்பது விவாதிக்க வேண்டிய விஷயம். அதேபோல, ஒரு மாணவனின் ஜாதியோ மதமோ மதிப்புள்ளதா என்பதை விவாதப் பொருளாக வைப்பது அந்தப் பிள்ளையைக் கூண்டில் நிறுத்துவதாகும்.

நாலாவது, எல்லாப் பாடத்துக்கும் இது சரிப்படாது. அடிப்படையை ஆசிரியர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு விவாதம் போதும். ஆசிரியருக்கு இதில் வேலை குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு கட்சியின் ஆவணங்களையும் அவர் முன்னதாகப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரிவுரையைவிட இரட்டிப்பு உழைப்பு.

நாம் என்ன செய்யலாம்

2020ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கல்வி கலந்துரையாடல் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கொள்கையில் எழுதுவது சுலபம். ஆவணம் தேடிப் பிரதி எடுக்க ஆசிரியருக்கு நேரமில்லை என்பதுதான் நடைமுறைக் கஷ்டம். இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் உபயோகப்பட முடியும்.

நம் அங்கத்தினர்களில் ஓய்வு பெற்ற பொறியாளர்கள், டாக்டர்கள், வக்கீல்கள், வங்கி அதிகாரிகள், ஆசிரியர்கள் எத்தனை பேர், எத்தனை ஊர்களில்! ஒவ்வொருவருக்கும் தம் துறையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்த ஒரு விவகாரமாவது தெரியும். அதைப் பற்றிப் பகிரங்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு, அறிக்கை, புள்ளிவிவரம் ஆகியவற்றில் கட்சிக்குப் பத்துப் பக்கம் என்று தொகுத்து, பக்கத்துக் கல்லூரி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நம் கட்சிக்குப் பத்தும் மற்றதற்கு மூன்றும் என்று தொகுக்கக் கூடாது, அவ்வளவுதான். கூப்பிட்டால் போய் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். நம் வயதில் இதுதான் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும்.

உத்தியோகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எந்தப் பிரேரணையைக் கொண்டுபோனாலும், "இதற்கு விரோதமாகச் சொல்லக்கூடிய மிக நல்ல காரணம் எது? அதையும் குறிப்பில் எழுதிக் கொண்டுவா" என்று கோப்பைத் திருப்பிவிடுவார். இளம் அதிகாரிகளான எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் கையெழுத்திட்ட கோப்புகள் பின்னால் தணிக்கையிலும் கோர்ட்டிலும் நின்றன. முப்பது வயதுக்கு மேல் உத்தியோகத்தில் நாங்கள் கற்ற அந்தப் பழக்கத்தைப் பதினெட்டு வயதிலேயே கல்லூரி கற்றுக்கொடுத்தால் நாட்டுக்கு எவ்வளவு நல்லது!

இன்று நாமெல்லோரும் நமக்குப் பிடித்ததைச் சொல்பவர்களோடுதான் அதிகம் பேசுகிறோம். வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தாலே தெரியும். ஒத்த கருத்துள்ள இருநூறு பேர் ஒருவருக்கொருவர் நமஸ்காரம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாறுபட்டு ஒருவர் எழுதினால் குழுவை விட்டே போய்விடுகிறார், அல்லது போக வைத்துவிடுகிறோம். கல்லூரியில் இருக்கும் பேரன் பேத்திகள் லீவுக்கு வரும்போது நாம் ஒப்புக்கொள்ளாத எதையாவது சொல்லுவார்கள், கட்டாயம் சொல்லுவார்கள். உடனே பதில் சொல்ல ஆரம்பிக்காமல், "நீ சொல்வது இதுதானே?" என்று அவர்கள் சொன்னதை அவர்களிடமே ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். "ஆமாம் தாத்தா, அதுதான்" என்று அவர்கள் சொன்ன பிறகு உங்கள் கட்சியைச் சொல்லுங்கள்.

நான் சொன்னதற்கு விரோதமாகச் சொல்லக்கூடிய நல்ல காரணங்கள் இருந்தால், கேள்வி நேரத்தில் அவசியம் சொல்லுங்கள். ஆவலோடு காத்திருக்கிறேன்.